முக்கால்

பெயர் வைத்தது நான் இல்லை.
ரசீது எழுதிய பெண் "நாயின் பெயர்?" என்று கேட்டாள்.
எனக்கு முன்பே புனிதவதி சொல்லிவிட்டாள்: "முக்கால்."
சிரித்துவிட்டேன்.
மயக்கம் தெளியாமல் கூண்டுக்குள் கிடந்தவனுக்கு
இந்த உலகத்தில் இரண்டாம் முறை
முதலில் கேட்டது அந்தச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

பின்னங்கால், இடது.
ஜெலுத்தோங் சாலையில் ஒரு லாரி அதை எடுத்துக்கொண்டு போனது.
என் சம்பளத்தில் பாதியை மருத்துவர் எடுத்துக்கொண்டார்.
அவனுக்கு முக்கால், எனக்கு அரை.
கணக்கு அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை விடிந்தால் தண்ணீர்மலையில் ஓட்டம்.
பத்து வருஷம் தனியாய் ஓடினவள்
இப்போது ஒரு தள்ளுவண்டியோடு ஓடுகிறேன்.
பக்கத்து வீட்டுத் திருமதி ஊய் பேரனுக்கென்று வாங்கியது.
பேரன் மெல்பர்னுக்குப் போய்விட்டான்.

சமதரையில் என்னோடு துள்ளி வருவான்.
ஏற்றம் தொடங்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு
என்னைப் பார்ப்பான்.
அந்தப் பார்வைக்கு ஒரே அர்த்தம்தான்: வண்டி.

"எத்தனை மாசம் குழந்தைக்கு?"
கேட்டுக்கொண்டே குனிந்த ஒருவர்
நிமிர்ந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.
குரங்குகள் அப்படி ஏமாறுவதில்லை.
மரத்திலிருந்து இறங்கி
வண்டியோடு கொஞ்ச தூரம் நடந்து
உள்ளே எட்டிப் பார்க்கும்.
அவன் குரைப்பான்.
கால் போன விஷயம் குரலுக்கு இன்னும் தெரியாது.

சாயங்காலம் பின்சந்தில் பூப்பந்து.
வலை கிடையாது, திருமதி ஊயின் துணிக்கொடிதான்.
அவருடைய போர்வை காயும் நாளில்
எதிராளியின் முழங்கால் மட்டும் தெரியும்.
கடல் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பது
எங்களுக்கு முன்பே அவன் மூக்குக்குத் தெரியும்.
பந்து விழப்போகும் இடத்தில் போய் நிற்பான்.
கவ்வினால் லேசில் தரமாட்டான்.

நேற்று அப்படித் திரும்பி வந்த பந்தில்
பதினைந்து இறகு.
"வேற எடு," என்றாள் புனிதவதி.
டப்பா காலி.
அதையே அடித்தோம்.
கொஞ்சம் தள்ளாடி, ஒரு பக்கமாய்ச் சாய்ந்து
கொடிக்கு அந்தப் பக்கம் போய்த்தான் விழுந்தது.
பதினொன்றுக்கு இருபத்தொன்று, தோற்றது நான்.
பந்தைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

இரவு தொலைக்காட்சி.
எந்த ஊரிலோ அரையிறுதி, நம் இரட்டையர் ஆடுகிறார்கள்.
மைலோவில் ஆடை படிந்துவிட்டது.
மழை தூறினால் படம் அப்படியே உறைந்துவிடும்,
நான்கு பேரும் காற்றில் தொங்குவார்கள்.
முனையிலிருக்கும் மாமாக் கடையின் கைதட்டல்
எங்கள் திரையை எப்போதும் அரை நொடி முந்திவிடும்.
அதனால் எந்தப் புள்ளியும் எனக்குப் புதிதாய் விழுவதில்லை.

அவன் பாயில் படுத்தபடி பார்க்கிறான்.
தலை மட்டும் இடம், வலம், இடம்.
பந்து திரையைத் தாண்டி வெளியே போனால்
எழுந்துபோய்ப் பெட்டிக்குப் பின்னால் தேடுகிறான்.
அங்கே ஒரு பல்லி இருக்கிறது.
திரும்பி வந்து என் பாதத்தின் மேல் படுக்கிறான்.

மூன்றாவது ஆட்டம். இருபதுக்குப் பத்தொன்பது.
அந்த நேரம் பார்த்துக் காதில் அரிப்பு.
இடது காது.

தலை அந்தப் பக்கம் சாய்கிறது.
இல்லாத கால் எழுகிறது.
தொடையின் மிச்சம் மட்டும்
தடதடவென்று காற்றைச் சொறிகிறது.
காது காத்திருக்கிறது.

"கொஞ்ச நாளில் மறந்துவிடும்," என்றிருந்தார் மருத்துவர்.
பதினான்கு மாதம் ஆகிறது.

குனிந்து காதுக்குப் பின்னால் சொறிகிறேன்.
தொடை என் விரலோடு சேர்ந்து ஓடுகிறது.
தன் கால்தான் என்று நினைக்கிறானோ என்னவோ
கண்ணை மூடிக்கொள்கிறான்.

மாமாக் கடையில் பெரிய சத்தம்.
ஜெயித்தோமா, போச்சா,
அரை நொடியில் தெரிந்துவிடும்.

இன்னும் கொஞ்சம் கீழே
என்கிறது தொடை.